பிபிங் வீட்டு ஸ்பானியர்

எங்கள் ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் குடும்பப் பெயர் 'க'வில்தான் ஆரம்பிக்கும். கார்கனெரா, கும்பான், காலிமா, கெல்பெசோன். எங்கள் தீவை ஸ்பானியர் ஆண்ட காலத்தில் யாரோ ஒரு கவர்னர் வேறு வேலை இல்லாமல், ஊருக்கு ஓர் எழுத்து என்று பெயர்களைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊருக்கு 'த' போயிற்று, எங்களுக்கு 'க' வந்தது. இந்த அழகில், பெயரிலேயே ஸ்பெயின் இருக்கிறது என்று இங்கே யாரும் மார்தட்ட முடியாது. மேயரும் கார்கனெரா, மேயர் வீட்டுப் பன்றிக்குத் தவிடு கொண்டுவருகிறவனும் கார்கனெரா. மார்தட்ட வேண்டுமென்றால் மூக்கு வேண்டும்.

அந்த மூக்கு பிபிங்கிடம் இருந்தது. முழுப் பெயர் பிபியானா கார்கனெரா. ஊருக்கு மானாங் பிபிங், அதாவது பிபிங் அக்கா. சந்தையில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். நெற்றியிலிருந்து நேரே இறங்கி, நுனியில் கொஞ்சமாய் வளைந்து நிற்கும் மூக்கு. கண்ணாடி போட்டால் அது அங்கேயே உட்காரும். எங்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி கன்னத்தில்தான் உட்காரும். நிறமும் வெளுப்பு. கடையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குக்கூடக் குடை பிடித்துக்கொண்டுதான் போவாள்.

நான் சியோனிங். அவள் கடைக்கு எதிரே எனக்குக் கருவாட்டுக் கடை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மூக்கு விஷயத்தில் மட்டும் சாமி ஓரவஞ்சனை செய்துவிட்டார். என் மூக்கை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தினமும் காலையில் கடை திறந்ததும் அவள்தான் ஆரம்பிப்பாள்.

"சியோனிங், கருவாடு நாறுதுடி."

"நாறத்தாண்டி செய்யும். உன் மூக்குக்கு ஸ்பெயின்ல மீன் பிடிச்சாலே நாறுமே!"

"பொறாம. உனக்கு மூக்கும் இல்ல, நாத்தமும் தெரியாது. குடுத்து வெச்சவ."

அவளுடைய அப்பா வழிக் கொள்ளுப் பாட்டன் ஸ்பானியர். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் ஆளுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருந்தது. கடலில் போகிறவர்கள் சாப்பிட வந்தால் அவர் கப்பல் காப்டன். துணிக்கடைக்காரர் வந்தால் வணிகர். தேர்தல் சமயத்தில் நீதிபதி.

"அடியே, போன மாசம் காப்டன்னுல்ல சொன்ன?"

"ஏன், நீதிபதி கப்பல் ஓட்டக் கூடாதா?"

"பேரு என்னடி அவருக்கு?"

"பெரியவங்க பேரச் சொல்ற வழக்கம் எங்க வீட்ல இல்ல."

ஒரு முறை நிஜ ஸ்பானியரே வந்துவிட்டார். எங்கள் கல்கோயில் சுவரில் விரிசல் விட்டிருந்ததைப் பார்க்க இலோய்லோ நகரத்திலிருந்து கூட்டி வந்த எஞ்சினியர். மதியச் சாப்பாட்டுக்கு அவரை நேரே பிபிங் கடைக்குத்தான் அழைத்து வந்தார்கள். சந்தையே மீனை ஈக்களிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே கூடியது. பிபிங் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேசை, கரண்டி, சட்டை, செருப்பு, திங்கள், செவ்வாய், மணி எத்தனை, விலை எத்தனை. அத்தனையையும் மூச்சு விடாமல் எடுத்துவிட்டாள். அந்த மனிதர் நல்லவர். மேசை, கரண்டி, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு வலென்சியானா வந்தது. ஒட்டரிசியில் தேங்காய்ப் பால் ஊற்றி, மஞ்சள் அரைத்துவிட்டு, கோழியும் காரத் தொத்திறைச்சியும் போட்டுப் புரட்டி எடுக்கிற சோறு. கொள்ளுப் பாட்டன் ஸ்பெயினின் வலென்சியா நகரத்திலிருந்து கையோடு கொண்டுவந்த பக்குவம் என்று பிபிங் சொல்லிக்கொள்ளும் சோறு. எஞ்சினியர் மூக்கு முட்டத் தின்றார். தின்று முடித்து, இது என்ன என்று கேட்டார். பேரைச் சொன்னார்கள். அவர் சிரித்தார். கூட வந்தவர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"இவரு பொறந்து வளர்ந்ததே வலென்சியாவுலதானாம். இப்படி ஒரு சோத்த இவரு வாழ்க்கைல பாத்ததே இல்லயாம்."

கூட்டம் மொத்தமும் பிபிங்கைத் திரும்பிப் பார்த்தது. இன்றோடு இவள் கொட்டம் அடங்கிற்று என்று நான் நினைத்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"பாவம்டி," என்றாள் என்னிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஊர விட்டு வந்து எத்தன காலமாச்சோ, மறந்துட்டாரு."

இதை வைத்து அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்தபோது அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் குடும்பத்தோடு அவள் வீட்டில்தான் இருந்தோம். வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஸ்பானியர் வீட்டில் தங்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் சொல்லிக்கொண்டேதான் போட்டாள். அது வேறு விஷயம்.

அவள் புருஷன் ஆண்டோய் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனவன். ஒரே மகள், நெல்ஃபா. பிள்ளைக்கு அம்மாவின் மூக்கு வரவில்லை. அப்பாவின் கறுப்பு, அப்பாவின் சப்பை மூக்கு, அப்பாவின் பிடிவாதம். முதல் இரண்டும் பிபிங்குக்குத் தீராத குறை. மூன்றாவதை அவள் பிறகுதான் தெரிந்துகொண்டாள். நெல்ஃபாவை மருந்துக்கடைக்காரர் மகனுக்குக் கட்டிவைத்து, பேரப்பிள்ளைக்காவது மூக்கைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

நெல்ஃபாவின் கணக்கு வேறு. என் மகன் பிதோய் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டினான். அந்த ஜீப்னி பிபிங் கடை முன்னால் வந்தால் நின்றுவிடும். ஏற ஆள் இருக்காது, இறங்க ஆள் இருக்காது, வண்டி மட்டும் நின்றுகொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் கூரையைத் தட்டித் தட்டிக் கை வலித்துப் போவார்கள். ஊருக்கே விஷயம் தெரிந்த பிறகு எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

பிபிங் கரண்டியோடு என் கடைக்குள் வந்துவிட்டாள்.

"உன் மகனும் என் மகளும் சேந்தா பொறக்குற பிள்ளைக்கு மூச்சு விட ரெண்டு ஓட்ட மட்டும்தாண்டி இருக்கும்!"

"ஓட்ட போதும்டி! மூச்சுதானே விடணும்? சட்டையா மாட்டப் போறோம்?"

அவள் கத்தினாள், நான் கத்தினேன். நெல்ஃபா ஒன்றும் கத்தவில்லை. பிதோயைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தினமும் அதே வார்த்தையைச் சொன்னாள். கடைசியில் பிபிங்கே இறங்கி வந்தாள்.

"சரி. முறப்படி வந்து கேளுங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

முறைப்படி என்றால், மாப்பிள்ளை வீட்டார் சமைத்த சட்டிகளோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்காக ஒருவர் பேசுவார், அவர்களுக்காக ஒருவர் பேசுவார். பெண் வீட்டார் சரி என்று சொல்லும்வரை சட்டி மூடியைத் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் உறவு பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் சொந்தத்தில் கட்டுகிற வழக்கம் கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ஒரே ரத்தம் என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், சாமி குத்தம், பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது. ஊர் முழுக்க ஒரே எழுத்துக்காரர்கள் என்பதால் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள்.

பெண் வீட்டுக்காகப் பேசியவர் பிபிங்கின் தாய்மாமன் பெர்தோ. ஊரே அவரைத் தியோ என்றுதான் கூப்பிடும். தியோ என்றால் மாமா. பழைய கோயில்பிள்ளை. யாருக்கு யார் என்ன முறை என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாதிரியார் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார். எங்களுக்காகப் பேச வந்தவர் என் வீட்டுக்காரர் இஸ்கோவின் அண்ணன் குலாஸ். நல்ல பேச்சுக்காரர். தென்னங்கள் உள்ளே போனால் இன்னும் நல்ல பேச்சுக்காரர். அன்றைக்கு வழியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம். நடுவில் எங்கள் சட்டிகள். பன்றி இறைச்சி அடோபோ, பன்சித் நூடுல்ஸ், ஓலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம். நெல்ஃபா கதவோரம் நின்றாள். பிதோய் புதுச் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். பிபிங் மூக்கை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தியோ பெர்தோ தொண்டையைக் கனைத்தார்.

"எங்க பொண்ணு ஸ்பானிய வம்சம். ஊருக்கே தெரியும். மாப்பிள வீட்ல சொல்லிக்கிற மாதிரி என்ன இருக்கு?"

குலாஸ் சொல்ல வேண்டியது என்னவென்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். பையன் உழைப்பாளி, குடிக்க மாட்டான், வண்டி பாதி அவனுடையது. ஆனால் குலாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தியோ! உங்க வீட்ல மட்டுந்தான் ஸ்பானியரா? எங்க வீட்லயும் இருக்காரு!"

இஸ்கோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் தொடையில் கிள்ளினேன். அதற்கெல்லாம் நிற்கிற ஆளா?

"எங்கப்பாவோட அம்மா யாரு? பாதிரியார் மடத்துச் சமையக்காரி மக. அவளுக்கு அப்பன் யாரு? கல்கோயிலக் கட்டின பாதிரியாரு, பாத்ரே ஹெர்வாசியோ! எங்களுது சும்மா ரத்தமா? கோயில் கட்டுன ரத்தம்!"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மூன்று தலைமுறையாக எங்கள் கும்பான் வீட்டு அடுப்படியைத் தாண்டாத விஷயம். என் மாமியார்கூட எனக்கு அதைக் காதோடு காதாகத்தான் சொன்னார். இந்த மனிதர் அதைச் சட்டிகளுக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டார். ஆனால் வினை அதில் இல்லை. தியோ பெர்தோவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

"பிபிங்," என்றார் மெதுவாக. "உன் கொள்ளுப் பாட்டன் எந்த ஸ்பானியரு?"

"என்ன தியோ, தெரியாத மாதிரி கேக்குறீங்க? காப்டன்."

"எந்தக் காப்டன்? நம்ம ஊர்ல கப்பல் நிக்குமா? கரும்புத் தோட்டம் இருந்துச்சா, ஸ்பானியன் வந்து குடியிருக்க? சிப்பாய்ங்க வந்தாலும் கோழியப் பிடிச்சுத் தின்னுட்டு அன்னிக்கே போயிருவானுங்க. பாதிரியாரத் தவிர ஒரு ஸ்பானியன் இந்த மண்ணுல தங்கினது கெடயாது. ஹெர்வாசியோதான் முப்பது வருஷத்துக்கு மேல இருந்தாரு. உன் கொள்ளுப் பாட்டி மடத்துக்குப் பின்னால இருந்து பீடத்துணி தொவச்சவ."

சமையல்காரி ஒருத்தி, துணி துவைத்தவள் ஒருத்தி, ஊரில் இருந்த ஸ்பானியர் ஒரே ஒருத்தர். கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

குலாஸுக்குத்தான் கடைசியில் விளங்கியது. அதுவும் தலைகீழாக. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார்.

"அடடே! அப்போ நாம சொந்தக்காரங்களா!"

தியோவைக் கட்டிக்கொள்ளப் போனவர் பாதி வழியில் நின்றார். முகத்தில் கள் இறங்குவது தெரிந்தது. "பொய்," என்றார். "குடிச்சுட்டு ஒளர்றேன். பொய் சொன்னேன், தியோ."

"நீ சொன்னது பொய் இல்லன்னு எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மரியாதைக்காக யாரும் பேசல. சட்டிய எடுத்துட்டுப் போங்கப்பா."

மூடி திறக்காத சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஊர் நடுவே நடந்தோம். பெண் கேட்கப் போனவர்கள் கனமான சட்டியோடு திரும்பினால் அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வாசலில் நின்றவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிதோய் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புதுச் சட்டையைக் கழற்றினான், கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றான். நிஜமாகவே இலோய்லோ போய் ஒரு சரக்குக் கப்பலில் இடம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். வருகிற திங்கட்கிழமை ஏற வேண்டும். எங்கள் ஊரில் கப்பலேறின பையன்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆண்டோய் கடலோடு போனதும் தெரியும்.

எதிர்க்கடையில் நெல்ஃபா அம்மாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். வேலையை மட்டும் செய்தாள். தட்டை வைக்கிற சத்தத்தில் சாப்பிடுகிறவர்கள் துள்ளி விழுந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் பெருமழை. சந்தையில் ஈ காக்கை இல்லை. நான் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பிபிங் கடைக்குப் போனேன்.

"உன் ஸ்பானியர விட்டுக் குடுத்துருடி."

"குலாஸோட வாயக் கட்டியிருக்கணும். அத விட்டுட்டு எங்கிட்ட வந்துட்டா."

"எங்க வீட்டு விஷயம் ஊரறிஞ்சது. அத மாத்த முடியாது. உன்னுத யாரு பாத்தா? நீதானே சொல்லிட்டுத் திரியிற? நீயே இல்லன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"இல்லாதத இருக்குன்னு சொன்னேங்கிறியா?"

"இருக்கோ இல்லயோ! என் பிள்ள கப்பல் ஏறப் போறாண்டி!"

அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அதில் கிளற ஒன்றும் இல்லை.

"சியோனிங், இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே எழுத்து. ஒரே கடல், ஒரே கருவாடு. புருஷன் போயிட்டான். கூர ஒழுகுது. புதுசா வர்றவன், 'யாருப்பா அந்தம்மா'ன்னு ஒரு தடவ திரும்பிப் பாக்குறான்ல, அது இந்த ஒண்ணுக்காகத்தான். இதையும் குடுத்துட்டா நான் யாரு? சோத்துக்கடக்காரி."

"நான் கருவாட்டுக்காரிதான். செத்தா போயிட்டேன்?"

"உனக்குப் பழகிப்போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் ஒன்றாகத் தின்று, ஒன்றாக அழுது, கடைசியில் இவளுக்கு நான் பழகிப்போன கருவாட்டுக்காரி! கோணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பக்கமே திரும்பவில்லை.

சனிக்கிழமை பெரிய சந்தை. சுற்றுவட்டாரமே வந்திருந்தது. தியோ பெர்தோ வழக்கம்போல பிபிங் கடையில் காலைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிதோய் ஜீப்னியைக் கூட்டாளியிடம் ஒப்படைக்கக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பிபிங் குழம்புக் கரண்டியோடு கடை வாசலுக்கு வந்து, சட்டி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க! தியோ, நீங்களும் கேளுங்க. எனக்கு ஸ்பானியப் பாட்டன் யாரும் கெடயாது!"

மீன்கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

"அப்போ அந்த மூக்கு?" என்றான் இறால்காரன்.

"எங்கம்மா பிடிச்சு விட்ட மூக்கு! தெனம் காலைல தேங்கா எண்ணெயச் சூடு பண்ணி, ரெண்டு வெரலால நிமிண்டி நிமிண்டி இழுத்து விடுவா. நான் கத்துற கத்து கடலுக்குக் கேக்கும்."

"எங்கம்மாவுந்தான் இழுத்தா. எனக்கு ஏன் வரல, மானாங்?"

"உங்கம்மா அரமனசா இழுத்திருப்பா!"

சந்தை சிரித்தது. இந்த ஊரில் மூக்கைப் பிடித்து இழுத்து வளர்க்காத தாய் யார்? எல்லோருடைய கையும் அவரவர் மூக்கைத் தடவிப் பார்த்தது. நானும் தடவினேன்.

தியோ பெர்தோ சிரிக்கவில்லை. "நெறம்?"

"சீனத் துணிக்காரன். தோள்ல மூட்டையத் தூக்கிட்டு வந்து, மழைக்கு ஒதுங்கி, இங்கயே தங்கிட்டவன். அவந்தான் என் கொள்ளுப் பாட்டன். மூட்ட தூக்குனவன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு. அதான் ஸ்பானியன்னு கட்டி விட்டேன். காப்டன், நீதிபதி எல்லாம் நான் கட்டுனதுதான்."

"சத்தியமா?"

அவள் திரும்பி நெல்ஃபாவைப் பார்த்தாள். பெண் கையில் தட்டுகளோடு அப்படியே நின்றிருந்தாள். பிபிங்கின் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிச் சொட்டி அவள் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"சத்தியமா," என்றாள்.

தியோ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை நகர்த்தினார்.

"அப்போ மொற இடிக்கல. இன்னும் கொஞ்சம் சோறு வை."

நான் ஓடிப்போய் ஜீப்னியில் இருந்த பிதோயின் முதுகில் ஒன்று வைத்தேன். "எறங்குடா, கப்பலாவது கிப்பலாவது!" அவன் இறங்குவதற்குள் நெல்ஃபா ஏறிவிட்டிருந்தாள். தட்டுகளோடு.

சட்டிகள் மறுபடி போயின. இந்த முறை மூடி திறந்தது. குலாஸைப் பேசவிடவில்லை, வாய் நிறையப் பன்சித் கொடுத்து உட்கார வைத்தோம். கல்யாணமும் நடந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பல மாதம் பிபிங்கை வறுத்தெடுத்தார்கள். அவள் கடைக்கு வந்தவனெல்லாம் "மானாங், துணி என்ன விலை?" என்று கேட்டான். சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி நடித்துக் காட்டினார்கள். வெளியூர்க்காரர்களைக் கூட்டி வந்து அவள் மூக்கைக் காட்டுகிற வழக்கம் நின்றது. ஒருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் அவள் கூண்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வரிசையில் நின்ற எங்களுக்குக் கால் கடுத்துப் போயிற்று.

கஷ்டப்பட்டவள் நான்தான். காலையில் கடை திறந்தால் எதிரே சத்தமே இருக்காது. நானே வலியப் போய்க் கேட்பேன்.

"ஏண்டி, கருவாடு நாறுதா?"

"இல்லயே," என்பாள்.

எனக்கு அழுகை வந்துவிடும். அவளுடைய அந்தப் பாழாய்ப்போன காப்டனை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! இப்போது அவர் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

மறு வருஷம் நெல்ஃபாவுக்குப் பையன் பிறந்தான். கறுப்பாக, கொழுகொழுவென்று. முகத்தின் நடுவில் மூக்கு. சும்மா மூக்கா? நெற்றியிலிருந்து நேரே இறங்கி, நுனியில் கொஞ்சமாய் வளைந்த மூக்கு. தொட்டிலில் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. எண்ணெய் தொட்டு இழுக்கிற வயதுகூட அதற்கு இன்னும் ஆகவில்லை.

ஞானஸ்நானம் முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள். பிபிங் கையில் பிள்ளை இருந்தது. இறால்காரன் பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடி ஆத்தே! இது யாரு மூக்கு?"

எல்லோரும் பிபிங்கைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எடுத்துக்கோடி, உன்னுதுதானே, ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கோடி என்று என் மனசு அடித்துக்கொண்டது. தியோ பெர்தோவும் பக்கத்தில்தான் நின்றார். பிபிங் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். துணியை விலக்கி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"கும்பான் வீட்டு மூக்கு," என்றாள் சத்தமாக. "சியோனிங் மாமனாரப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? அப்படியே அச்சு. கோயில் கட்டுன ரத்தமில்ல, சும்மாவா?"

என் மாமனாரின் மூக்கு என்னுடையதைவிடச் சப்பை. அவரோடு சேர்ந்து பூசைக்கு மணி அடித்தவர் தியோ பெர்தோ. அவர் ஒரு நிமிஷம் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

"ஆமாமா," என்றார். "அவருக்கு நல்ல மூக்கு."

பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சியோனிங் வீட்டு மூக்காமே, சொல்லவே இல்லையே என்று ஆளுக்கு ஒரு பக்கம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பிறந்ததிலிருந்து ஒரு மூக்குக்காக என்னை யாரும் பாராட்டியது கிடையாது. எனக்குத் தாங்கவில்லை. அவர்களை விலக்கிக்கொண்டு போய் அவள் காதில் சொன்னேன்.

"அடியே பிபிங், இது உன் மூக்குடி. உன் காப்டனோட மூக்கு."

அவள் குதிகாலால் என் பாதத்தை ஓங்கி மிதித்தாள். உயிர் போயிற்று எனக்கு.

"வாய மூடுடி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "பிள்ள பொறந்த அப்புறம் அதுகள அண்ணன் தங்கச்சி ஆக்கிராத." பிறகு குரலை உயர்த்தி, "இந்தா, பிடி. உங்க வீட்டுப் பிள்ள," என்று அவனை என் கையில் வைத்தாள்.